எருக்குழி வரை ஒரு எட்டு

கே: பன்றிக் கழிவைக் கிளறி, கிருமிகளை வருடா வருடம் ஆராய்கிறார்களாமே! வேறு வேலை இல்லையா?

ப: டென்மார்க்கில் இதுவும் ஒரு வேலைதான். அங்கே மனிதர்களைவிடப் பன்றிகள் அதிகம். 1995 முதல் ‘டான்மேப்’ என்ற திட்டத்தில், கசாப்புக்கூடத்துக்கு வரும் பன்றிகளின் குடல் கழிவிலிருந்து ஈகோலை, என்டரோகாக்கஸ் கிருமிகளை எடுத்து வளர்த்து, எந்த மருந்துக்கு மசிகிறது, எதற்கு முறைக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒரு தடவை பார்த்து என்ன பயன்? வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் குட்டு உடையும்.

கே: விலங்குகளுக்கு மருந்து கொடுப்பதை நிறுத்தினால் கிருமி வழிக்கு வந்துவிடாதா?

ப: கோழியில் வந்தது, பன்றியில் வரவில்லை. விலங்குகள் சீக்கிரம் கொழுக்கத் தீவனத்தில் கலந்த அவோபார்சினை 1995-ல் டென்மார்க் தடைசெய்தது. ஆஸ்பத்திரியில் உயிர் காக்கும் வான்கோமைசினுக்கு இது பங்காளி; இதைத் தாங்கப் பழகிய கிருமி அதையும் தாங்கும். தடைக்குப் பின் கோழிகளில் எதிர்க்கும் கிருமியின் பங்கு மளமளவென இறங்கியது. பன்றிகளிலோ 20 சதவீதத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. டைலோசின் என்ற வேறொரு மருந்தைத் தாங்கும் மரபணுவும் அதே பிளாஸ்மிட்டில் (கிருமிக்குள் தனியாகத் திரியும் டி.என்.ஏ. வளையத்தில்) ஒட்டியிருந்ததுதான் காரணம். பன்றிகளுக்கு டைலோசின் தொடர்ந்து போய்க்கொண்டிருக்க, அதன் தயவில் வான்கோமைசின் எதிர்ப்பும் பிழைத்தது! 1998-ல் அதையும் வெகுவாகக் குறைத்த பிறகே, 2000-ல் 6 சதவீதம் ஆனது.

கே: கழிவை மக்கவைத்தால் எல்லாம் செத்துவிடுமே?

ப: குவியல் 55 டிகிரிக்கு மேல் சில நாள் கொதித்தால் பெரும்பாலான கிருமி சாகும். மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் அத்தனையும் ஒழியும் என்று அடித்துச் சொல்ல முடியாது. பெரிய பண்ணைகளில் தண்ணீரோடு குழம்பாகத் தொட்டியில் கிடக்கிறதே, அதில் அந்தச் சூடும் ஏறாது. பன்றி விழுங்கிய டெட்ராசைக்கிளின் மருந்தில் பெரும்பங்கு அப்படியே வெளியேறி அந்தக் குழம்பில் சேர்கிறது. பிறகு நேரே வயலுக்கு.

கே: நான் பன்றிக்கறி தொடுவதில்லை. எனக்கென்ன?

ப: கோழி? கொலிஸ்டின் என்பது கடைசிக் கட்டத்தில் டாக்டர்கள் எடுக்கும் மருந்து. அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு சீனப் பன்றிகளில் சிக்கியதை 2015-ல் அறிவித்தார்கள். 2017-ல் சீனா கொலிஸ்டினை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கத் தடை போட்டது; பன்றிகளில் கொலிஸ்டினுக்கு மசியாத ஈகோலை 34 சதவீதத்திலிருந்து 5 ஆனது. இந்தியா தடுத்தது 2019-ல். அதுவரை நம்மூர்க் கோழிகளுக்கும் அது போய்க்கொண்டிருந்தது.

கே: பன்றிப் பண்ணைக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தால்?

ப: நெதர்லாந்தில் தனி அறை கிடைக்கும். மரியாதைக்கு அல்ல, மூக்கில் பல மருந்துகளுக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ கிருமி குடியிருக்கிறதா என்ற சோதனை முடிவு வரும்வரை!