வீட்டோட மாப்பிள்ளைக்கு மூணு சாமான்

அடேய் பேராண்டி, உக்குவளைப் பொண்ணு. ஒத்தப் பிள்ளை. மாமனாருக்கு மிளகு, சாதிக்காய்த் தோட்டம். கல்யாணம் முடிஞ்ச கையோட நீ அங்கயே குடி போறியாமே? பேஷ். பரிசத் தட்டை நாம தூக்கிட்டுப் போறோம், தட்டோட சேர்த்து ஒன்னையும் வச்சிட்டு வந்துர்றோம்.

கோவிச்சுக்காத. இதுக்கு நம்ம இலங்கையில சட்டத்துலயே பேர் இருக்கு. கண்டிச் சிங்கள ஆளுங்க வழக்கத்துல பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா 'தீக', மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வந்தா 'பின்ன'. பேரைப் பாரு, 'பின்ன என்ன செய்ய'ன்னு மாப்பிள்ளை பெருமூச்சு விடுறாப்புல! 1952ஆம் வருசத்துக் கண்டிய விவாகச் சட்டப்படி பதிவுல இது தீகவா பின்னவான்னு எழுதணும். எழுதாட்டி தீகன்னு எடுத்துக்குவாங்க. பழைய வழக்கத்துல தீக போன பொண்ணுக்கு அப்பன் காணியில பங்கு போச்சு, பின்ன இருந்தவளுக்கு நின்னுச்சு. ஆக, காணி அவளுக்கு. ஒனக்கு?

ஒனக்கு மூணு சாமான். பின்ன மாப்பிள்ளை எந்நேரமும் கைத்தடி, தாளிப்பனை ஓலை, பந்தம் இந்த மூணையும் தயாரா வச்சிருக்கணும்னு அந்தக் காலத்துலயே சொல்லி வச்சாங்க. மாமனார் 'கெளம்பு'ன்னா மழையா இருட்டான்னு பார்க்க முடியாதுல்ல? போன்லயே லைட்டு இருக்கு தாத்தான்னு சொல்லாத. அந்தப் போனுக்குச் சார்ஜ் ஏத்துற கரண்டு யாரு வீட்டுது?

சிங்களக் கல்யாணத்துல போருவ மேடையில ரெண்டு பேர் சுண்டுவிரலையும் நூலால கட்டி, தண்ணி ஊத்துவாங்க. எல்லாத்துக்கும் நெகத்துன்னு நல்ல நேரம் பார்ப்பாங்க, நிமிசம் பிசகாது. சோடி வீட்டை விட்டுக் கெளம்பவும் ஒரு நேரம் குறிச்சிருப்பாங்க. ஒனக்கு அந்த நேரத்தைக் குறிக்கப் போறது சோசியர் இல்ல, மாமனாரு.

முஸ்லிம் ஆளுங்க கதை வேற. மாப்பிள்ளை பொண்ணுக்கு மஹர்னு மணக்கொடை குடுக்கணும், அது மார்க்கம். பொண்ணு வீட்டுல வாங்குற கைக்கூலி இருக்கே, அது ஊர் வழக்கம். 1951ஆம் வருசத்து முஸ்லிம் விவாகச் சட்டப்படி, கைக்கூலிக் காசைப் பொஞ்சாதி காதி நீதிபதிகிட்ட போய்த் திருப்பிக் கேக்கலாம். வாங்குனது வாங்குனதுதான்னு நெனச்சவனுக்கு வச்சாங்க பாரு ஆப்பு! மட்டக்களப்புப் பக்கம் தமிழாளும் சரி, முஸ்லிமாளும் சரி, மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குக் குடி போவான். எல்லாருமே போறதால அங்க சிரிக்க ஆள் இல்ல. இங்க ஒன்னையப் பார்த்துச் சிரிக்க நான் ஒருத்தனாவது இருக்கேன்.

இவ்வளவு விசயம் எப்படித் தெரியும்னு கேக்குறியா? நான் பொறந்தது கீழ்க்கணக்குல, தோட்டத்தோட கீழ்ப் பிரிவுல. நாம இருக்கிற இந்த லயத்துக் காம்பரா ஒம் பாட்டியோட அப்பனுக்குத் தோட்டத்துல குடுத்தது. கதவு மூலையில கைத்தடி சாத்தியிருக்கு பாரு, அது கால் வலிக்குன்னா நெனச்ச?