அறியாமைக்கு மட்டும் வெட்டு இல்லை

இலங்கை அரசாங்கத்தில் ஒரேயொரு திணைக்களத்துக்குத்தான் இதுவரை நிதி வெட்டப்பட்டதில்லை. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, பணிப்பாளர் நாயகம் கிடையாது, இலட்சினையும் கிடையாது. ஆனாலும் எந்த ஆட்சி வந்தாலும் அதற்குப் போதிய ஒதுக்கீடு கிடைக்கிறது; போதாவிட்டால் குறைநிரப்புப் பிரேரணை கொண்டுவந்தாவது கொடுத்துவிடுகிறார்கள். அறியாமைத் திணைக்களம் என்று அதை அழைப்போம். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் வினாத்தாள் அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கையை விரித்தது. அந்த நாட்களிலும் இந்தத் திணைக்களம் ஒரு நாள்கூட மூடப்படவில்லை.

விசுவமடுவில் இருக்கும் எங்களுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. 2009க்குப் பிறகு வன்னியில் ‘பயனாளி தெரிவு’ என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டுத் திட்டத்தில் பெயர் விடுபடும், கோழிக்கூட்டுத் திட்டத்தில் பெயர் விடுபடும், கிணறு கட்டும் திட்டத்தில் புள்ளி காணாது என்பார்கள். அறியாமைத் திணைக்களத்தின் பயனாளிப் பட்டியலில் மட்டும் எங்கள் எல்லோருடைய பெயரும் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்த நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் போவது ஏறத்தாழ 0.12 வீதம். அதாவது நூறு ரூபாய் உழைத்தால் 12 சதம். சதத்தை இப்போது கோயில் உண்டியலில் போட்டாலும் ஐயர் முறைப்பார். இந்தியா 64 சதம் அளவில் கொடுக்கிறது. அது போதாதென்று அங்கே விஞ்ஞானிகள் குரல் எழுப்புகிறார்கள். தென்கொரியா 5 ரூபாயை நெருங்கிவிட்டது. நாங்களோ 1 ரூபாய் ஆக்குவோம் என்று கொள்கை ஏடு எழுதுவதில் கெட்டிக்காரர். அந்த ஏடுகளை அச்சடிக்க மட்டும் கடதாசி தட்டுப்பட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

இந்த 12 சதத்தில்தான் ஆய்வாளருக்குச் சம்பளம், ஆய்வுகூடத்துக்கு மின்சாரம், இரசாயனம், வாகனத்துக்கு டீசல். நெருக்கடி வந்தவுடன் திறைசேரி சுற்றறிக்கை அனுப்புகிறது: செலவைச் சுருக்கு. சம்பளத்தைச் சுருக்கினால் வேலைநிறுத்தம் வரும். மின்சாரத்தை வெட்டினால் அலுவலகத்தில் காற்றாடி நிற்கும். எனவே இரசாயனம் போகிறது, டீசல் போகிறது, களப்பயணம் போகிறது. கடைசியில் மிஞ்சுவது ஆராய்ச்சி செய்யாத ஆராய்ச்சி நிலையம். வாசலில் காவலாளி, உள்ளே கதிரை, கதிரையில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர், அவருக்கு முன்னால் ஒரு வருகைப் பதிவேடு.

இனி மறுபக்கத்துக் கணக்கு. 2020 ஜூலையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பத்திரிகையில் விளம்பரம் போட்டது. இராவணனின் ஆகாய விமானம் பற்றிய ஏடுகள், ஆவணங்கள் யாரிடமாவது இருந்தால் தந்து உதவவும் என்று கேட்டது. அதே ஆண்டின் இறுதியில் கொவிட் நோயை ஓட்டுவதற்கு ஆற்றில் பானை எறிந்தார் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி. பிறகு கேகாலையில் காளி அம்மன் கனவில் சொன்னதாக ஒருவர் காய்ச்சிய தேன் பாணியைக் கமராவுக்கு முன்னால் குடித்தார். அடுத்த ஜனவரியில் அவருக்கே கொவிட் வந்தது. பாணியின் செயற்றிறனை இவ்வளவு துல்லியமாகச் சோதித்துக் காட்டிய அந்த ஆய்வுக்கு நெறியாளரும் வேண்டியிருக்கவில்லை, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

இவையெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் 2021இல் நடந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில் சேதன விவசாயத்துக்கு மாறவேண்டும் என்று அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவுக்குத் தோன்றியது; மே மாதத்தில் அசேதனப் பசளை இறக்குமதிக்குத் தடை வர்த்தமானியில் வந்தது. பேராதனையின் விவசாயப் பேராசிரியர்கள் வேண்டாம் என்று எழுதினார்கள், பேசினார்கள், கெஞ்சினார்கள். அவர்களில் உரக்கச் சொன்ன பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சில் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். பசுமை விவசாயச் செயற்பாட்டு மையம் ஒன்று அமைத்தார்கள். அதற்குத் தலைவர் இராணுவத் தளபதி. நெல்லுக்கு நைதரசன் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்குக் கட்டளை மூலம் விடை காணமுடியும் என்று கண்டுபிடித்த முதல் நாடு நாங்கள்தான்.

அந்தக் காலபோகத்தில் இந்தப் பக்கத்து வயல்களில் நின்று பார்த்தவர்களுக்கு அறிக்கை ஒன்றும் தேவைப்படவில்லை. கதிர் வரவேண்டிய நாளில் பயிர் முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றது. கதிரை உருவிக் கையில் போட்டு ஊதினால் பாதி பறந்தது; அத்தனையும் பதர். வெட்டு மெசினுக்குக் கொடுக்கும் கூலிக்கும் காணாது என்று வயலை அப்படியே மாட்டுக்கு விட்டவர்கள் உண்டு. 2022இல் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 வீதம் குறைந்ததாக ஐ.நா.வின் உணவு நிறுவனங்கள் மதிப்பிட்டன.

இதற்கிடையில் சேதனப் பசளை ஏற்றிக்கொண்டு சீனாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. எங்கள் தாவரத் தனிமைப்படுத்தல் சேவையின் ஆய்வுகூடம் மாதிரியைச் சோதித்து, பயிருக்குக் கேடு செய்யும் பக்டீரியா இருக்கிறது என்றது. கம்பனி மறுத்தது, தூதரகம் கோபித்தது, கப்பல் கடலில் சுற்றியது. கடைசியில் 2022 ஜனவரியில், இறக்காத அந்தப் பசளைக்கு 6.7 மில்லியன் டொலர் கட்டினோம். அதே மாதத்தில், விளைச்சல் இழந்த நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபாய் நட்டஈடு என்று அறிவித்தார்கள். இந்தக் கதை முழுவதிலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் நுணுக்குக்காட்டிக்குப் பின்னால் இருந்த அந்தச் சில விஞ்ஞானிகள் மட்டுமே. அடுத்து வந்த சிக்கனச் சுற்றறிக்கை அவர்களுக்கும் சேர்த்துத்தான் போனது.

பேராசிரியரின் பேச்சைக் கேட்டிருந்தால் செலவு எவ்வளவு? ஒரு தேநீர், இரண்டு பிஸ்கட், பேராதனையிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் படிக்காசு.

எங்கள் ஊர்க் கச்சானுக்கு வருவோம். கோயில் திருவிழாக் கடையில் கச்சான் வாங்கிக் கொறிக்கும் பலருக்கு அது எந்த மண்ணில் விளைந்தது என்று தெரியாது. புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கத்து மணல் கலந்த மண்ணில் நிறையவே விளைகிறது. அதன் சிக்கல்களும் இந்த மண்ணுக்கே உரியவை. பூக்கும் நேரத்தில் கல்சியம் காணாவிட்டால் கோது பெருக்கும், உள்ளே பருப்பிராது. கடைசி மாதத்தில் வரட்சி வந்து, பிடுங்கிய பிறகு சரியாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு ஏறும். அது ஈரலைத் தின்னும். கச்சானுக்கான தலைமை ஆராய்ச்சி நிலையம் இருப்பது அம்பாந்தோட்டை மாவட்டத்தில், அங்குணகொலபெலஸ்ஸவில். விசுவமடுவுக்கும் அதற்கும் இடையில் முழு இலங்கையும் கிடக்கிறது. எங்கள் மண்ணுக்கு எது பொருந்தும் என்பதை எங்கள் மண்ணிலேயே பார்க்க ஆளும் வேண்டும், காசும் வேண்டும்.

ஆள் வந்தார். மோட்டார் சைக்கிளில், முதுகில் பையோடு, இளம் பட்டதாரி. தோட்டத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் துளைகருவியால் மண் எடுத்து, பொலித்தீன் பையில் போட்டு, மாக்கரால் இலக்கம் எழுதினார். தோட்டக்காரருக்கு எழுபது வயது. தன் மண்ணை ஒருவர் இவ்வளவு மரியாதையாக அள்ளியதை முதல் தடவையாகப் பார்த்தவர், நுங்கு வெட்டிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துத் தருமபுரம் சந்தையில் அந்தப் பொடியனைக் கண்டு கேட்டார்.

“தம்பி, என்ர மண்ணில என்ன குறையாம்?”

“இன்னும் பார்க்கேல்லை ஐயா. இரசாயனம் வரேல்லை. ஓடர் பண்ணக் காசு விடேல்லையாம்.”

“அப்ப என்ர மண்?”

“பையோட இருக்கு ஐயா.”

“சும்மாதானே கிடக்கு, திருப்பித் தாவன். பள்ளத்தில போடலாம்.”

பொடியன் சிரிக்கவில்லை. இப்போது அவர் வெளிநாட்டில், முதியோர் பராமரிப்பு வேலையில். இதை மூளைசாலிகள் வெளியேற்றம் என்று பத்திரிகைகள் கவலையோடு எழுதுகின்றன. அரசாங்கத்துக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. 2022இல் அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடம் சம்பளமில்லா லீவில் வெளிநாடு போய் உழைக்கலாம் என்று சுற்றறிக்கை போட்டதே அரசாங்கம்தான். போகாமல் நின்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டில் மரக்கறி நடச் சொன்னது. பயிர் ஆராய்ச்சியாளரும் வெள்ளிக்கிழமைகளில் ஆய்வு வயலைப் பூட்டிவிட்டு, வீட்டுக் கோடியில் கத்தரி நடப் போகலாம். உணவுப் பாதுகாப்பை இதைவிட நுட்பமாக யாரும் திட்டமிட முடியாது. 2023 ஜனவரியில் வருமான வரி 36 வீதம் வரை ஏறியபோது, நின்றவர்களில் பலருக்கும் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு வழி தெரிந்துவிட்டது.

ஆட்சி மாறியது. அறியாமைத் திணைக்களத்துக்கு இனி ஆள்குறைப்பு வருமென்று நாங்களும் நம்பினோம். 2025 மார்ச் 15ஆம் திகதி, சனிக்கிழமை, காலை 8.00 முதல் 8.05 வரை நாடு முழுவதும் குரங்கு, மயில், மரஅணில் எண்ணினார்கள். ஐந்து நிமிடம்! எட்டு மணிக்கு என் வேலியில் இருந்த குரங்கு எட்டு மூன்றுக்குப் பக்கத்து வளவு மாமரத்தில் இருந்தது. இரண்டு படிவத்திலும் அது பிரசையாகப் பதிவாகியிருக்கும். முடிவு வந்தபோது குரங்குகள் மட்டும் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தன. குரங்கும் மயிலும் எங்கள் கச்சானைக் கிளறித் தின்பது பொய்யல்ல. பயிரழிவு உண்மையான துயரம். அதனால்தான் கோபம் வருகிறது. விலங்கின் நடமாட்டத்தைப் பருவந்தோறும் பின்தொடர்ந்து, எந்தக் காடு அழிந்ததால் எந்தக் கூட்டம் எந்த ஊருக்கு வந்தது என்று சொல்லக்கூடிய உயிரியலாளர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து வருடம் கொடுக்கக் காசில்லை. கமக்காரனுக்கு ஐந்து நிமிடம் கொடுக்கத் துணிவிருக்கிறது. இதற்கு முந்திய ஆட்சியாவது எண்ணும் சிரமத்தையும் தரவில்லை: ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று 2023இல் யோசித்தது. பட்டதாரிகளை அனுப்பியாயிற்று, அடுத்தது அதுதானே.

காசே இல்லையா என்றால், இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபாய். போர் முடிந்து பதினாறு ஆண்டு. அந்தக் காசின் ஒரு துளியை நாங்கள் விசுவமடுவில் கண்ணால் கண்டிருக்கிறோம். பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களம் இங்கே வருடக்கணக்காகப் பண்ணை நடத்தியது. முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுத்தது. வேலையில்லாமல் நின்ற எங்கள் பிள்ளைகள் வயிற்றுக்காக அங்கே போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு நாட்டில் பயிர் செய்வது படைத்தரப்பின் தொழில், பாலர்களுக்கு ‘அ’ சொல்லிக் கொடுப்பது படைத்தரப்பின் தொழில், பசளை முடிவும் படைத்தரப்பின் தொழில் என்றால், விவசாய விஞ்ஞானிக்கு என்ன வேலை? வருகைப் பதிவேட்டில் கையெழுத்து.

சிறுநீரக நோயையும் சொல்லவேண்டும். 1990களில் வடமத்தியில் கண்டறியப்பட்ட, காரணம் தெரியாத அந்த நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஆட்களை விழுங்குகிறது. பொலனறுவையில் சீன உதவியில் பெரிய சிறுநீரக வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டது, நல்லது. சந்தேகத்தின்பேரில் ஒரு களைகொல்லியை 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விட்டார்கள். தண்ணீரா, வெயிலா, நஞ்சா என்ற கேள்வி இன்றும் அந்தரத்தில் நிற்கிறது. கட்டடத்துக்கு நாடா வெட்டலாம், தடைக்கு வர்த்தமானி போடலாம். காரணம் தேடும் ஆய்வில் படம் பிடிக்க ஒன்றுமில்லை. பத்து வருடம் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரியவேண்டும். பத்து வருடத்துக்குள் இரண்டு தேர்தல் வந்துவிடும்.

வெளிநாட்டைப் பார்த்து நாங்கள் வெட்கப்படவேண்டியதில்லை என்பது இப்போதுள்ள ஆறுதல். அமெரிக்காவே எங்களிடம் பாடம் படிக்கத் தொடங்கிவிட்டது. அவர்களுடைய தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியில் பாதிக்கு மேல் வெட்டவேண்டுமென்று 2025இல் வெள்ளை மாளிகை கேட்டது. கச்சான் கமக்காரரான ஜிம்மி காட்டரை ஜனாதிபதியாகத் தந்த ஜோர்ஜியா மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில், ஏழை நாடுகளின் கச்சானுக்காக இயங்கிய ஆய்வுகூடம் ஒன்று இருந்தது. அமெரிக்க உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டை மூடியபோது அதன் நிதியும் நின்றது. உலகத்துக் கச்சானெல்லாம் இப்போது சமம்.

ஆராய்ச்சி என்றால் வீண் செலவு என்பவர் மத்தியானம் சாப்பிட உட்காரும்போது கோப்பையைப் பார்க்கட்டும். இந்த நாடு உண்ணும் சோற்றில் பெரும்பங்கு பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ‘பீஜி’ இனங்களின் சோறு. சுதந்திரம் வந்த காலத்தில் ஹெக்டேயருக்கு ஒரு தொன்னும் எட்டாத சராசரி விளைச்சல் நாலு தொன்னைத் தாண்டியது அங்கே சேற்றில் நின்றவர்களால். அவர்களுக்குச் சிலை இல்லை, சுற்றுவட்டம் இல்லை. அவர்கள் கொடுத்த நெல்லைத் தின்றுகொண்டே அவர்களுடைய வாரிசுகளின் இரசாயனக் காசை வெட்டுகிறவர்கள்தான் இந்த நாட்டின் சிக்கன வீரர்கள்.

தேர்தல் எப்படியும் வரும். விசுவமடுச் சந்தியிலும் மேடை போடுவார்கள். நாட்டில் காசில்லை, ஆராய்ச்சிக்கெல்லாம் எங்கே போவது என்று யாராவது சால்வையைச் சரிசெய்துகொண்டு சொல்லுவார். அப்போது கை தட்டாதீர்கள். எழும்பி நின்று ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இறக்காத பசளைக்கு 6.7 மில்லியன் டொலர் குடுத்தியளே, அதை எந்தச் செலவுத் தலைப்பில எழுதினியள்?” விடை வரும்வரை இருக்கவேண்டாம்.