அக்கா பசுமையாகிவிட்டார்

மலாக்கா, பத்து பெரண்டாம் தாமான்களில் காலையில் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கினால், யாரோ நாசி லெமாக் வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்று இப்போதெல்லாம் எவரும் ஆசைப்படுவதில்லை. பசுமை அக்கா வந்துபோயிருக்கிறார், அவ்வளவுதான்.

பைக்குள் கால் போத்தல் குளோரோக்ஸ் இருக்கும். மூக்கு உடைந்த கொசு மருந்து டின் இருக்கும். ஏதோ ஹோட்டலில் எடுத்து வந்த குட்டிக் குட்டி ஷாம்பு, ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டி தட்டிப்போன சவுக்காரத் தூள். எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் பேண்டு போட்ட ஒரு துண்டுச் சீட்டு: ‘வீணாக்காம யூஸ் பண்ணிக்கோம்மா.’

அக்கா இயற்கைக்கு மாறிவிட்டார். இனி வீட்டில் வினிகர், எலுமிச்சை, ஆப்பச்சோடா மட்டும்தான் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் அறிவித்தாயிற்று. நல்ல முடிவு, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மலிவு விற்பனை நடந்தபோதெல்லாம் வாங்கிக் குவித்த பழைய சரக்கு ஸ்டோர் நிறைய இருக்கிறதே! சாக்கடையில் ஊற்றினால் பூமிக்குக் கேடு. தானே பயன்படுத்தினால் நுரையீரலுக்குக் கேடு. பக்கத்து வீட்டுக்காரியின் நுரையீரலைப் பற்றி அக்காவின் கொள்கையில் ஒரு வரியும் கிடையாது.

மாட்டிவிட்டுப் போவதோடு விட்டாலாவது பரவாயில்லை. மலாக்கா விமான நிலையத்தில் பறக்கப் பழகும் மாணவர்களின் குட்டி விமானம் ஊருக்கு மேலே வட்டமடித்துத் திரும்பத் திரும்ப வருகிற மாதிரி, அக்காவும் நாலு நாளில் வந்துவிடுவார்.

“என்னம்மா, அந்த குளோரோக்ஸ் முடிஞ்சிருச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

“வச்சிருந்தா பவர் போயிரும்லா. சீக்கிரம் முடி.”

பவர் போய்விடும் என்பது உண்மைதான். வெளுப்பு மருந்து மூடியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் மாதக்கணக்கில் வீரியம் குறைந்துகொண்டே வரும். அக்கா கொடுத்த போத்தலில் விலைச்சீட்டு ஒட்டிய கடையையே மூடிப் பல வருஷம் ஆகிறது. போனால் போகட்டும். இன்னொரு வீட்டுக்குப் போன சீட்டில், ‘இதோட வினிகரையும் கலந்து ஊத்து, டாய்லெட் பளிச்சுனு ஆயிரும்’ என்று எழுதியிருந்தது. வெளுப்பு மருந்தும் வினிகரும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. கதவைச் சாத்திக்கொண்டு கழுவுகிறவருக்கு மூச்சு முட்டிவிடும். பழையதை ஒழிப்பதும் புதியதைப் பரப்புவதும் ஒரே வாளியில் நடக்கட்டும் என்று அக்கா நினைத்திருக்கிறார் போலும்.

அக்காவின் தானங்களில் தலைசிறந்தது தரை மெழுகு. சிவப்பு சிமெண்டுத் தரைக்குப் போடுவார்களே, அந்தத் தகர டப்பா. மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தால் உள்ளே மெழுகு வறண்டு, ஓரத்தில் சுருங்கி, நடுவில் வெடித்துக் கிடக்கும். மண்ணெண்ணெய் வாசம் மட்டும் அப்படியே இருக்கும். தாமானில் இன்று சிவப்புத் தரை உள்ள வீடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் டைல்ஸ். அதற்கெல்லாம் அக்கா அசரவில்லை. “பூந்தொட்டிக்குப் பூசிக்கோ, பார்க்க நல்லாருக்கும்” என்று ஒரு வீட்டில் கொடுத்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளங்கால் சிவக்க டைல்ஸ் முழுக்க நடந்து காட்டினார்கள்.

வாங்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. “குப்பையில போடவா சொல்றே?” என்று அக்கா கேட்கும்போது, அந்தக் கேள்விக்குப் பின்னால் சட்டமும் நிற்கும். திடக்கழிவுச் சட்டத்தின்கீழ் மலாக்கா உட்பட சில மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துப் போட வேண்டும். 2016 ஜூன் முதல் பிரிக்காதவர்களுக்கு அபராதம் உண்டு, 50 வெள்ளியில் தொடங்கும். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிச் சாமான். தாளுக்கு நீலத் தொட்டி, கண்ணாடிக்குப் பழுப்பு, பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் ஆரஞ்சு. அக்காவுக்கு அத்தனையும் மனப்பாடம். காலிப் போத்தலுக்குத் தொட்டி இருக்கிறது. பாதி மருந்து நிற்கும் போத்தலுக்கு எந்த நிறம்? அங்கேதான் பக்கத்து வீட்டுக் கேட் வந்து நிற்கிறது.

தரை துடைக்க அக்கா வீட்டிலேயே ஊறவைத்த என்ஸைம் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்று பங்கு பழத்தோல், ஒரு பங்கு பழுப்புச் சீனி, பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம் ஊற வேண்டும். மலாக்காவில் இருந்துகொண்டு வேறு சீனியா என்று அக்கா அசல் குலா மலாக்காவைப் போட்டார். செண்டோலுக்கு ஆகவேண்டியது தரை துடைக்கப் போயிற்று. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அதை மட்டும் மறந்துவிட்டு மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது சமையலறைக் கூரையில் அன்னாசித் தோல்.

இத்தனைக்கும் அக்காவைக் கோபிக்க மனம் வராது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அங்கே மண்ணெண்ணெய் டின் தண்ணீர் வாளியாகும், பால் டின் விளக்காகும், மாவுப் பை பிள்ளைக்குச் சட்டையாகும். தூக்கி எறிவதற்கு அந்த வீட்டில் எதுவும் இருந்ததில்லை. அம்மா ரப்பர் காட்டில் மருந்தடிக்கும் வேலை. தோளில் தொங்கிய தோம்பிலிருந்து முதுகில் ஒழுகியதைப் பழைய கைலியால் துடைத்துக்கொண்டே நிரை முடித்தவர்.

ஆனால் முதியோர் இல்லத்துக்கு அக்கா கொண்டுபோன பெட்டியை மன்னிக்க முடியாது. அவர்கள் கேட்டது அரிசி, எண்ணெய், பெரியவர்களுக்கான பெம்பர்ஸ். போனது தேதி கடந்த இருமல் மருந்து, யாரோ பாதி பூசிய தலைமயிர்ச் சாயம், ஆறு வகைக் கழிவறைத் திரவம். அதைப் பிரித்து, ஒதுக்கி, கொட்ட இடம் தேடும் வேலை அங்கே ஏற்கெனவே படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போடும் இரண்டு பெண்கள் தலையில் விழுந்தது. மிச்ச மாத்திரைகளை அரசாங்க மருத்துவமனை மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுக்கலாம். அக்காவுக்கும் தெரியும். அங்கே கவுண்டரில் யாரும் “உங்களுக்குப் பெரிய மனசுக்கா” என்று சொல்வதில்லை, அதுதான் குறை.

கடைசியாக வந்தது அம்மா காலத்துப் புல் மருந்து. பாராகுவாட். பழைய ஆரஞ்சு ஜூஸ் போத்தலில் முக்கால் அளவு, சீட்டில் ‘வீட்டுப் பின்பக்கப் புல்லுக்கு’. யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்றே கம்பெனிகள் அதில் நீலச் சாயமும் நாற்றமும் வாந்தி வரவழைக்கும் மருந்தும் கலந்தன. அப்படியும் ஒரு மடக்குப் போதும், மாற்று மருந்து கிடையாது. தோட்டத்தில் அதற்குப் பலி கொடுக்காத லயம் அபூர்வம். 2002-ல் தடை என்றார்கள், 2006-ல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1-ல்தான் ஒருவழியாகத் தடை முழுதாக வந்தது. அதைத்தான் அக்கா, நாலு வயதுப் பிள்ளை ஓடியாடும் வீட்டுக் கேட்டில் ஜூஸ் போத்தலில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த வீட்டு மருமகள் அன்றைக்கு மரியாதை பார்க்கவில்லை. பையோடு அக்கா வீட்டுக்கு நடந்தார்.

“இத வச்சுக்கோங்கக்கா. புல்ல நான் கையால புடுங்கிக்கிறேன்.”

“நல்லதுக்குத்தானம்மா குடுத்தேன்.”

“விவசாய இலாகாவுக்குப் போன் பண்ணி என்ன செய்யறதுன்னு கேளுங்க. நம்பர் நான் எடுத்துத் தர்றேன்.”

நம்பர் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்தது. அக்கா கட்டைவிரல் உயர்த்திப் பதிலும் போட்டார். போத்தல் இன்னும் ஸ்டோரில் வினிகருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தாமானில் எல்லாருக்கும் இது தெரியும், விவசாய இலாகாவைத் தவிர.