கேரவன் பின்னோக்கமும் ஊடலின் தோற்றமும்: தெற்கு ஆஸ்திரேலியத் திணைகளை முன்வைத்து

1. ஆய்வுப் பொருள்

ஈண்டு கேரவன் என்றது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் ஏசி வண்டியை அன்று. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கி, காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கப்படும் சக்கர வீட்டை. ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் இதை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். அவர்களே இவ்வாய்வின் தலைவனும் தலைவியும்.

ஆய்வு எல்லை தெற்கு ஆஸ்திரேலியா. உள்நாட்டில் கூபர் பீடியில் தொடங்கி, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை வழியே போர்ட் அகஸ்டாவுக்கு இறங்கி, ஏர் தீபகற்பத்தின் கடற்கரையைச் சுற்றி, கிளேர், பரோசா திராட்சைத் தோட்டங்களில் முடியும் பாதை. பாலை, நெய்தல், மருதம் ஆகிய மூன்றும் இதில் அடங்கும்.

ஊடல் மருதத்துக்கு உரியது என்பது மரபு. அதை இக்கட்டுரை மறுக்கிறது. ஊடல் நிலத்தால் பிறப்பதன்று. ரிவர்ஸ் கியரால் பிறப்பது.

2. பாலை

பாலைக்குத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் கோடையில் திரிந்தே பாலையாகும் என்பர். தெற்கு ஆஸ்திரேலியா திரியும் சிரமத்தை நிலத்துக்கு வைக்கவில்லை. 1865இல் ஜார்ஜ் கோய்டர் என்ற அரசு நில அளவையாளர் குதிரைமேல் அலைந்து, மழையை நம்பிப் பயிர் செய்யத்தக்க நிலம் இதுவரைதான் என்று வரைபடத்தில் கோடு கிழித்துவிட்டார். அடுத்து வந்த சில நல்ல மழையாண்டுகளை நம்பிக் கோட்டைத் தாண்டி உழுதவர்கள் வறட்சியில் வீட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினர். கூரை போன அவர்களுடைய கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன.

கூபர் பீடியில் 1915இல் தண்ணீர் தேடிப் போன 14 வயதுச் சிறுவன் ஒருவன் ஓப்பல் கல்லைக் கண்டெடுத்தான். வெயிலுக்கு அஞ்சி, நிலத்தைக் குடைந்து உள்ளே குடியிருப்போர் இவ்வூரில் பலர். நம் ஆய்வுக்கு வேண்டியது ஊர்ப்புறத்து அறிவிப்புப் பலகை. மூடப்படாத சுரங்கக் குழிகள் ஏராளம் என்பதால் ‘பின்னோக்கி நடக்காதீர்’ என்று அது எச்சரிக்கிறது. பின்னோக்குதலின் கேட்டை முதலில் உணர்ந்த ஊர் இதுவே என்க.

பாலையின் உரிப்பொருள் பிரிவு. கேரவனில் அதற்கு வழியில்லை. கொக்கி கழன்றாலும் வண்டி பிரிந்து ஓடாதிருக்கப் பாதுகாப்புச் சங்கிலி சட்டப்படி கட்டாயம். உள்ளிருக்கும் இருவருக்கோ ஒரே மேசை.

எதிர்ச்சான்றும் இங்கேயே கிடைக்கிறது. 1860களில் இந்நிலத்துக்கு ஒட்டகங்களும், ஆப்கானியர் என்று பொதுப்பெயரிட்டு அழைக்கப்பட்ட ஓட்டிகளும் கப்பலில் வந்திறங்கினர். ஒட்டகத்தை நிறுத்த ரிவர்ஸ் வேண்டாம். ஆகவே அக்காலத்தில் இவ்வகை ஊடலுக்கு இடமில்லை. இன்று அதே நிலத்தில் 53.5 மீட்டர் நீளமுள்ள ரோடு டிரெயின் என்னும் தொடர் லாரியை ஓட்டிப் போகும் தனியாளும் ஊடுவதில்லை. பின்னால் நின்று கைகாட்ட ஆள் இல்லாமையே காரணம்.

3. நெய்தல்

போர்ட் லிங்கன் சூரை மீனுக்குப் பேர்போனது. காஃபின் பே சிப்பிக்கு. நெய்தலுக்குரிய இரங்கல், கேரவனின் பக்கவாட்டில் விரிக்கும் துணிப்பந்தலை இரவுக் கடற்காற்று பிய்த்தெறியும்போது நிகழ்கிறது. ‘சுருட்டி வை என்று சொன்னேனே’ என்ற குரல் கேட்டாலும் அது இரங்கலின்பாற்படும், ஊடல் ஆகாது. ஊடல் முந்தின மாலையே, வண்டியை இடத்தில் ஏற்றும்போது நிகழ்ந்து முடிந்திருக்கும்.

4. பின்னோக்கத்தின் இயல்பு

ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவனின் பின்புறம் வலப்பக்கம் போகும். குட்டைக் கேரவன் சட்டென்று மடங்கும். நீளமானது யோசித்து மடங்கும். தலைவி பின்னால் நின்று ‘லெஃப்ட்’ என்கிறாள். யாருடைய லெஃப்ட், காருடையதா, கேரவனுடையதா, எதிர்முகமாக நிற்கும் அவளுடையதா? மூன்று பொருளுக்கும் இடமுண்டு. தலைவன் எப்போதும் நான்காவதைக் கொள்கிறான்.

ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால், கை நகரும் பக்கமே கேரவனும் போகும். இந்த உபாயத்தைத் தலைவனுக்கு எடுத்துரைப்பவர் பக்கத்து இடத்துக்காரர். மடக்கு நாற்காலியில் பீர் டின்னோடு அமர்ந்து வேடிக்கை பார்க்கும் இவரே தோழி. மருத மரபில் ஊடல் தணிக்கத் தூது போவாரை வாயில் என்பர். இங்கே அது கையடக்க ரேடியோ. பரத்தையும் உண்டு: எதிர் வரிசையில் நிற்கும் புத்தம்புதிய இரட்டை அச்சுக் கேரவன். தலைவன் கண் அங்கே போனதால்தான் இங்கே தண்ணீர்க் குழாய் சாய்ந்தது என்பது தலைவி கூற்று.

பின்பக்கக் கேமரா வந்தபின் ஊடல் ஒழிந்தது என்பாரும் உளர். அது பொருந்தாது. கேமரா தலைவியையும் சேர்த்தே காட்டுகிறது. அவள் முகபாவம் இப்போது திரையில் தெளிவாகத் தெரிகிறது.

5. மருதம்

பயிர்நிலம் என்பதால் திராட்சைத் தோட்டத்தை மருதத்தில் அடக்குகிறோம். கிளேரில் இயேசு சபையினர் 1851இல் பூசைக்கு வேண்டி வைன் தோட்டம் தொடங்கினர். பரோசாவில் 1840களில் சைலீசியாவிலிருந்து வந்த லூத்தரன் குடும்பங்கள் கொடி நட்டன. ஐரோப்பாவின் கொடிகளை அழித்த ஃபிலாக்சரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையாததால், 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

பாலையில் தண்ணீர்த் தொட்டி தந்த பாரத்தை இங்கே வைன் பெட்டிகள் ஈடுசெய்கின்றன. பெட்டிகளைக் கேரவனின் வால்பக்கம் அடுக்கலாகாது; வண்டி ஆடும். அச்சுக்கு மேலே தாழ்வாக வைத்து, மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கிமேல் அமரும்படி பார்க்க வேண்டும்.

6. முடிபு

கேரவன் நிறுத்தம் திருக்குறளின் கடைசி அதிகாரங்களை வரிசை மாறாமல் பின்பற்றுகிறது. கைச்சைகை, 128: குறிப்பறிவுறுத்தல். ஓட்டுநர் இருக்கையில் தனக்குள் முணுமுணுத்தல், 130: நெஞ்சொடு புலத்தல். இறங்கியபின் பேசாதிருத்தல், 131: புலவி. ‘நான் காட்டியது அப்படியல்ல’ என்ற விளக்கம், 132: புலவி நுணுக்கம். சாவியை எடுத்து வைத்தபின் இரு கோப்பை ஷிராஸ், 133: ஊடலுவகை. கேரவனின் சுவர் மெல்லியது ஆகையால் 129ஐ ஆய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

7. பரிந்துரை

முன்னே நுழைந்து முன்னேயே வெளியேறும் நேர்வழி இடங்கள் சில கேரவன் பூங்காக்களில் உண்டு. கொடுத்தாலும் வாங்கலாகாது. ஐந்து அதிகாரம் நட்டம்.