திங்கட்கிழமை வராமை: கொத்தனாரின் கூலியும் ஓய்வும் குறித்து ஓர் ஆய்வு

கட்டட வேலையில் திங்கட்கிழமை என்று ஒரு நாள் கிடையாது. காலண்டரில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. பாதிப் பூச்சில் நிற்கும் சுவருக்கு மட்டும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, "திங்கக்கெழம எட்டு மணிக்கெல்லாம் வந்துர்றேன் சார்" என்று சொல்லிப் போகும் கொத்தனார் செவ்வாய்க்கிழமைதான் முகம் காட்டுகிறார். மதுரைப் பக்கம் மாடியில் ஓர் அறை எழுப்பியவர் எவரும் இதை அறிவர். அறிந்தவர்கள் திட்டியதோடு நிறுத்திக்கொண்டார்களே தவிர, முறையாக ஆராயவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் வகைப்பாடு. வராமை இரண்டு வகை: ஓய்வு வராமை, வேற்றிட வராமை. இவற்றைப் பிரித்தறியத் தொலைபேசி உதவாது. இரண்டிலும் அது அணைந்தே இருக்கும். கரணைதான் சான்று. கரணையும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் சிமென்ட் மூட்டைக்குப் பின்னால் பத்திரமாகக் கிடந்தால் அது ஓய்வு. கரணையைக் காணோம் என்றால், இந்நேரம் வேறொருவர் வீட்டில் பூச்சு மும்முரமாக நடக்கிறது. இரண்டாம் வகை வெறும் வியாபாரம். ஆய்வாளரின் மரியாதைக்கு உரியது முதல் வகையே.

"எல்லாம் டாஸ்மாக்" என்று ஒரே சொல்லில் இத்துறையை மூடிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. டாஸ்மாக் சனிக்கிழமை இரவை விளக்கும். தாராளமாகப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமையையும் விளக்கும். சொட்டுக்கூடத் தொடாத கொத்தனாரும் திங்கட்கிழமை வருவதில்லையே, அதற்கு என்ன விளக்கம்?

விளக்கம் சீமையில் கிடைக்கிறது. இங்கிலாந்தின் நெசவாளர்களும் செருப்புத் தைப்பவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. அந்த நாளுக்குப் 'புனிதத் திங்கள்' என்று ஒரு புனிதர் பட்டமே சூட்டி வைத்திருந்தார்கள். 1720களில் லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் பிராங்க்ளின், தான் ஒரு திங்கட்கிழமைகூடத் தவறியதில்லை, அதனால் முதலாளிக்குத் தன்மேல் தனிப் பிரியம் என்று சுயசரிதையில் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். கூட வேலை பார்த்தவர்கள் பீர் குடிக்க, அவர் தண்ணீர் குடித்தாராம். இன்று அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் அவர் முகம்தான் இருக்கிறது. நம் கொத்தனார் எந்த நோட்டிலும் இல்லை. அவர் அதற்காக வருந்தியதாகவும் தகவல் இல்லை.

இனி கூலிக்கு வருவோம். ஆய்வுக்களத்தின் அண்டை வீட்டார் ஒருமனதாக வழங்கிய ஆலோசனை: "எரநூறு ரூவா ஏத்திக் குடுங்க, ஓடி வருவாரு." கணக்கு என்ன சொல்கிறது? நாளுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு நாளுக்கு 6,000. அதை 1,200 ஆக்கினால் ஐந்தே நாளில் அதே 6,000 கைக்கு வந்துவிடுகிறது. ஆக, அந்த இருநூறு ரூபாயில் வீட்டுக்காரர் வாங்கியது கொத்தனாரின் திங்கட்கிழமையை அல்ல. கொத்தனாருக்கு ஒரு திங்கட்கிழமையை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

இது மதுரைக்கு மட்டும் வாய்த்த நுட்பம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியின் மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதியது: ஒரு மோர்கன் (அந்தப் பக்கத்து நில அளவு) அறுப்புக்கு 1 மார்க் கூலி பெற்ற ஆள், நாளுக்கு இரண்டரை மோர்கன் அறுத்து இரண்டரை மார்க் சம்பாதித்தான். கூலியை 1.25 ஆக்கினால் மூன்று மோர்கன் அறுப்பான் என்று பண்ணையார் எதிர்பார்த்தார். அவன் இரண்டோடு அரிவாளைக் கீழே வைத்துவிட்டான். அதே இரண்டரை மார்க்தான் வந்துவிட்டதே! வேபர் இதைப் பழைய வழக்கத்தில் ஊறிய மனம் என்று சொல்லிக் கொஞ்சம் வருத்தப்படுகிறார். வருத்தப்பட இதில் ஒன்றுமில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பொருளியல் பாடப்புத்தகம் இதை இரு விளைவுகளின் இழுபறி என்கிறது. கூலி ஏறினால் சும்மா இருப்பதன் விலையும் ஏறுகிறது. ஆகவே வேலைக்குப் போ என்கிறது பதிலீட்டு விளைவு. கையில்தான் காசு இருக்கிறதே, படு என்கிறது வருமான விளைவு. எது ஜெயிக்கும் என்பதை உட்கார்ந்த இடத்தில் தர்க்கத்தால் சொல்ல முடியாது என்று பொருளியலாளர் லயனல் ராபின்ஸ் 1930இல் காட்டினார். கூலி ஒரு கட்டத்தைத் தாண்டியதும் உழைப்பின் அளிப்புக் கோடு பின்னோக்கி வளையும் என்று படம் போடுகிறார்கள். கொத்தனாரின் கோடு சனிக்கிழமை ஆறு மணிக்கு வளைய ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை காலை டீக்கடையில் நிமிர்கிறது.

"அப்படியானால் கூலியைக் குறைத்தால் ஆறு நாளும் வருவாரே" என்று ஒரு பெரியவர் கேட்டார். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கனவான்கள் பலர் மெய்யாகவே இப்படி எழுதினார்கள். ஆடம் ஸ்மித் 1776இல் இதை மறுத்து, நல்ல கூலி வாங்குபவனே சுறுசுறுப்பானவன் என்றார். அதோடு, உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு உழைத்துவிடுவான் என்றும் எச்சரித்தார். பெரியவரின் யோசனையைச் சோதித்துப் பார்த்தால் முதல் வகை வராமை உடனே இரண்டாம் வகையாக மாறும். கரணை போய்விடும்.

ஹென்றி போர்டு மட்டும் கூலியை ஏற்றி ஆளை வரவழைத்தார் என்பது மெய். 1913இல் அவர் கார் ஆலையில் ஆட்கள் விலகிய வேகம் ஆண்டுக்கு 370 விழுக்காடு. 1914இல் நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்ததும் வாசலில் கூட்டம் நெரிந்தது. ஆனால் அந்த 5 டாலருக்குத் தகுதியான ஒழுங்கோடு வாழ்கிறார்களா என்று பார்த்துவர, தொழிலாளர் வீடுகளுக்கே ஆள் அனுப்பினார். நாமும் திங்கட்கிழமை கொத்தனார் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். "இப்பத்தான் ஒங்க வீட்டுக்குன்னு கெளம்புனாரு" என்பார் அவர் மனைவி. மேற்கொண்டு விசாரிக்கப் போர்டிடமே வழி இருந்திருக்காது.

இந்த ஆய்வில் மாதச் சம்பளக்காரர்தான் உண்மையில் விசித்திரமான பிராணி. தமிழக அரசு ஊழியர் ஆண்டுக்கு 15 நாள் ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து காசாக்கிக்கொள்ளலாம். கொரோனாவைக் காட்டி 2020இல் அதை நிறுத்தியபோது எழுந்த கோரிக்கைகள், 2025இல் திரும்பக் கிடைக்கும்வரை ஓயவில்லை. தன் ஓய்வை விற்கும் உரிமைக்காக ஐந்து ஆண்டு மன்றாடியவரும், தன் ஓய்வை வாரந்தோறும் ரொக்கத்துக்கு வாங்குபவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். முன்னவர் பின்னவரைச் சோம்பேறி என்கிறார். அந்தச் சொல்லுக்குள் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கிறது என்பதே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தால் போதும் என்ற காலம் நூறு ஆண்டில் வரும் என்று பொருளியலாளர் கெயின்ஸ் 1930இல் சொன்னார். அதை நோக்கி ஓரடியாவது எடுத்து வைத்தவர் நம் தெருவில் கொத்தனார் ஒருவர்தான்.

ஆய்வில் ஒரே ஒரு விதிவிலக்கு அகப்பட்டது. சித்தாள் திங்கட்கிழமையும் வந்துவிடுகிறார். எட்டு மணிக்கே வந்து மணலைச் சலித்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். கொத்தனார் வராவிட்டால் அவருக்கும் வேலை இல்லை, கூலியும் இல்லை. அவர் கூலி பல இடங்களில் கொத்தனாருடையதில் பாதியை ஒட்டியது; அதில் எந்தக் கிழமையையும் வாங்க முடியாது. கூலி இல்லாத நேரமெல்லாம் ஓய்வு அல்ல, வீட்டு வேலைக்கும் கணக்கு உண்டு என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1965இல் விரிவாக எழுதினார். சித்தாளின் திங்கட்கிழமை, குழாயடிக்கும் ரேஷன் கடைக்கும் அடுப்புக்கும் போய்விடுகிறது.

பத்து மணிவரை பார்த்துவிட்டு அவர் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு, "சார், மணலச் சலிச்சதுக்காச்சும் அரைக்கூலி குடுங்க" என்று கேட்டார். ஆய்வு நிதியில் அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு எதுவும் இல்லை என்பது அவருக்கு விளக்கப்பட்டது.