மணி மட்டும் கேட்காதீர்கள்

ரவாங்கில் எந்தத் தாமானுக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். முழுக்கைச் சட்டையில் இடது கை மட்டும் ஒரு மடிப்பு கூடுதலாக ஏறியிருக்கும். அவரிடம் எது வேண்டுமானாலும் கேளுங்கள், மணி மட்டும் கேட்காதீர்கள்.

கேட்டால் 1963இல் ஆரம்பிப்பார். "சீக்கோ ஃபைவ், தம்பி. அறுவத்து மூணுல வந்த சரக்கு. ஃபைவ்னா என்னா தெரியுமா?" தானாகச் சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே சன்னலில், தண்ணீர் புகாது, திருகு நாலு மணிப் பக்கம் ஒதுங்கியிருக்கும், கூடும் சங்கிலியும் லேசில் உடையாது. ஐந்தையும் அவர் விரல் மடக்கி முடிப்பதற்குள் நீங்கள் ஏறவேண்டிய கோமுட்டர் சுங்கை பூலோவைத் தாண்டியிருக்கும்.

பிறகு கழற்றித் திருப்புவார். பின்மூடியில் வரிசை எண். முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். "எட்டு, பக்கத்துல 'என்'. எழுவத்தெட்டு நவம்பர்!" எண்பத்தெட்டாகவும் இருக்கலாமே என்று வாயைத் திறந்தால் போச்சு. எந்தப் பத்தாண்டு என்பதை எண் சொல்லாது, அவர்தான் சொல்வார்.

முகப்பின் அடியில் பொடி எழுத்தில் 'ஜப்பான்' என்று இருந்தாகவேண்டும். மலேசியாவில் பூட்டியது என்றால் முகம் சுளிப்பார். சொந்த மகன் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவன் எதிரிலேயே சுளிப்பார்.

பேட்டரி கடிகாரம் தீட்டு. தம்புசாமிப் பிள்ளையும் லோக் யூவும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக 1894இலேயே மின்சாரம் கொண்டுவந்த ஊர் ரவாங். மலாயாவுக்கே அதுதான் முதல். அந்த மண்ணில் பிறந்தவர், மணிக்கட்டில் மட்டும் மின்சாரம் ஓடக்கூடாது என்று விரதம் இருக்கிறார்.

அவரிடமுள்ள சீக்கோக்களில் பலவற்றுக்குத் திருகைச் சுற்றிச் சாவி கொடுக்கவும் வழியில்லை. கை ஆடினால் உள்ளே அரைவட்டத் தகடு சுழலும், வில் இறுகும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் படுத்துவிடும். பெட்டி நிறையக் கடிகாரம், கட்டுவதற்கு ஒரே கை. ஆகவே சும்மா இருக்கும் நேரமெல்லாம் மணிக்கட்டை ஆட்டியபடி இருப்பார். பந்தியில் பாயசம் கொண்டுவரும் பையன், 'வேணாம்' என்கிறார் போல என்று தாண்டிப் போய்விடுவான்.

அம்கோர்ப் மாலின் பழம்பொருள் சந்தையில் அவரைப் பார்க்கவேண்டும். கண் கடிகாரத்தில் இருக்கும், வாய் பக்கத்திலிருக்கும் தூக்குச்சட்டியை விலை கேட்கும். கடைசியில் போகிற போக்கில், "இது ஓடுதா?" என்பார். கடைக்காரர் இவரைப்போல் எத்தனை பேரைப் பார்த்தவர்! தூக்குச்சட்டியையும் சேர்த்துக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். மனைவியிடம் காட்டுவதற்கு அதுவாவது ஆயிற்று.

ஆனாலும் இவருக்கென்று ஒரு பொற்காலம் இருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குத் தீபகற்ப மலேசியா முள்ளை அரை மணி முன்னே தள்ளிப் பன்னிரண்டாக்கிக்கொண்டது, சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக. அதுவரை இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி வித்தியாசம், அதன்பின் இரண்டரை. ஊரிலிருந்து வந்த ஜோசியருக்கு இது எங்கே தெரியும்? எழுபத்தைந்தில் பிறந்த மாப்பிள்ளைக்கும் இரண்டரையைக் கழித்து லக்னம் போட்டுவிடுவார். அங்கேதான் நம்மவர் நுழைவார்.

"சாமி, கிரீன்விச்சுக்கு நாம இப்பத்தான் எட்டு. அப்ப ஏழரை."

"யாருக்கு ஏழரை?" என்று பெண்ணின் அம்மா எழுந்துவிடுவார்.

அரை மணியைச் சரிசெய்தால் சில ஜாதகத்தில் லக்னமே அடுத்த ராசிக்குப் போய்விடும். மூன்றில் சமர்த்தாக இருந்த செவ்வாய் இரண்டுக்கு வந்து தோஷமாக உட்கார்ந்துகொள்ளும். இப்படி ஒன்றிரண்டு சம்பந்தம் கலைந்ததும், பெண் பார்க்கும் படலத்துக்கு அவரைக் கூப்பிடுவதை உறவினர்கள் நிறுத்திவிட்டார்கள். இப்போது 82க்கு முன் பிறந்தவர்களில் பலர் அறுபதாம் கல்யாணத்தை நெருங்குகிறார்கள். அதற்கு யாரும் பொருத்தம் பார்ப்பதில்லை.

முகூர்த்தத்துக்கு மட்டும் பத்திரிகை வரும். அவரும் வருவார், தாலி கட்டி முடிந்து இரண்டாம் பந்தி நடக்கும்போது. ஏன் மாமா இவ்வளவு தாமதம் என்றால் கோபமெல்லாம் வராது.

"எதைக் கட்டிக்கிட்டு வர்றதுன்னு முடிவு பண்ணவே ஒம்பது மணியாயிடுச்சு தம்பி. ஒம்பதுதானே? உன் போனைக் கொஞ்சம் காட்டு."