மஞ்சள் சட்டைக்காரர்

அமெரிக்காவின் தென்மாகாணங்களில், இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் நடக்கும் கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயம் ஒன்றுக்கு லட்சம் பேர் திரண்டு வருகிறார்களென்றால், அவர்களுள் ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காத ஜீவன் காவலுக்கு நிற்கும் மஞ்சள் சட்டைக்காரரே. மணிக்கணக்குக் கூலிக்கு வந்த இவர் பெரும்பாலும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற சாது. முழங்கால் வலி வேறு. மைதானத்துக்கு முதுகையும் ஜனங்களுக்கு முகத்தையும் காட்டி நிற்பதே இவருக்கு இட்ட கட்டளையாதலால், பின்னால் பாரதப் போரே நடந்தாலும் திரும்பிப் பார்க்க அதிகாரமில்லை.

ஆயினும் ஆட்டத்தின் போக்கு இவருக்குத் தெரியாமலில்லை. எதிரே முதல் வரிசையில், மார்பெல்லாம் ஆரஞ்சு வர்ணம் பூசிக்கொண்டு நிற்கும் மாணவன் வாயைப் பிளந்தால் பந்து ஆகாயத்தில் இருக்கிறது; தலையில் கைவைத்தால் தவறிவிட்டது; முன்பின் அறியாத பக்கத்து ஆசாமியைக் கட்டிக்கொண்டால் அகப்பட்டுவிட்டது. அவனே கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தானானால், இன்னும் சில விநாடிகளே பாக்கியென்று நம்மவர் அறிந்துகொள்கிறார்.

“தம்பி, காலை இறக்கு.”

“ஆகட்டும், ஐயா” என்று மிக்க மரியாதையுடன் சொல்லி, அவன் மற்றொரு காலையும் தூக்கி வைக்கிறான்.

2022 அக்டோபர் 15-ஆம் தேதி, அலபாமா அணியிடம் பதினைந்து வருஷமாகத் தொடர்ந்து தோற்றுவந்த டென்னஸிப் பல்கலைக்கழக அணி அதை 52-49 என்ற கணக்கில் கடைசி உதையில் வென்றபோது, நாக்ஸ்வில் மைதானத்தில் மஞ்சள் சட்டைகள் இருந்த சுவடே தெரியவில்லை. ஜனங்கள் கோல் கம்பங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். கல்லூரி அணிகளின் தென்கிழக்குச் சம்மேளனம், கூட்டம் மைதானத்தில் புகுந்ததற்காக லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பல்கலைக்கழகமோ புதுக் கம்பம் வாங்க அதே ரசிகர்களிடம் நன்கொடை கேட்டது, அவர்களும் தாராளமாகக் கொடுத்தார்கள்! 2024-இல் அதே அலபாமாவை வீழ்த்திய வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் கம்பத்தை உற்சவமூர்த்திபோல் தோளில் ஏற்றி, நாஷ்வில் வீதிகளில் உலா வந்து, கம்பர்லாந்து நதியில் தீர்த்தவாரியும் நடத்தி வைத்தார்கள். அபராதம் மறுபடியும் லட்சம் டாலர். ஓடுகிறவன் ஒருவன், கட்டுகிறவன் வேறொருவன் என்றிருக்கும்வரை, எந்த மாணவன் தொகையைக் கணக்குப் பார்த்துக் காலை இறக்கப் போகிறான்?

வேலியை உயர்த்தலாமே என்பார்கள். 1993-இல் விஸ்கான்ஸின் மாகாணத்து மாடிஸனில், மிச்சிகனை வென்ற ஆனந்தத்தில் இறங்கிவந்த மாணவர் கூட்டம் முன்னிருந்த கம்பி வேலியில் நெருக்குண்டு, எழுபது பேர் வரையில் காயமடைந்தார்கள். மைதானத்தில் ஓடியவனைவிட, ஓட வழியில்லாமல் பின்னாலிருந்து தள்ளப்பட்டவனுக்குத்தான் ஆபத்து. கூட்டத்தைத் தடுக்க முடியாதென்று அறிந்தே சில இடங்களில், ஆட்டம் முடியும் சமயத்தில் சிப்பந்திகள் தாங்களே கோல் கம்பங்களைச் சாய்த்துக் கிடத்திவிடுகிறார்கள்.

தென்கிழக்குச் சம்மேளனமும் 2025-இல் சற்றுப் புத்திசாலித்தனமாக யோசித்திருக்கிறது. அபராதத்தை ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து லட்சம் டாலராக உயர்த்திய கையோடு, விருந்தாளி அணியும் நடுவர்களும் பத்திரமாக வெளியேறும்வரை கூட்டத்தை நிறுத்தி வைத்தால் அதைத் தள்ளுபடி செய்யவும் இடம் வைத்திருக்கிறது. ஆகவே, மஞ்சள் சட்டைக்காரரிடம் பிரளயத்தைத் தடுக்கும்படி சொல்வதை விட்டுவிட்டு, ஒரு நிமிஷம் பேச்சுக் கொடுத்துத் தாமதப்படுத்தும்படி சொன்னால் போதும். ஓய்வு பெற்ற மனிதருக்கு அது கஷ்டமான காரியமல்ல.